புயலின் புள்ளி எவ்வளவு பெரியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் நாட்களில் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் வருகிறது. வங்கக் கடலில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து கரையை நோக்கி ஓர் அம்பு, பக்கத்தில் 'சென்னைக்குத் தென்கிழக்கே 330 கி.மீ., நாகைக்குக் கிழக்கே 260 கி.மீ.' என்பது போல ஒரு வரி. அந்தப் புள்ளியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அம்பைப் பற்றிப் பேச ஊரில் வேண்டிய அளவு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரேடியோ அதிகாரியாக இருந்தவன். 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களின் அவசரத் தகவல் தொடர்பு முழுவதும் புதிய முறைக்கு மாறியது; மோர்ஸ் தட்டுகிறவனுக்குக் கப்பலில் இடமில்லாமல் போயிற்று. அதன்பின் நாகப்பட்டினத்தில்தான் வாசம். ஐப்பசி பிறந்துவிட்டால் அக்கரைப்பேட்டையில் படகு வைத்திருக்கும் தம்பிகள் கைபேசியோடு என் திண்ணைக்கு வருவார்கள். "புயல் வருமா சார்?" என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது, "இப்போது எங்கே நிற்கிறது சார்?"

2024 நவம்பர் 29 இரவு, ஃபெஞ்சல் புயல் கடலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மூன்று பேர் வந்தார்கள். மூன்று கைபேசிகளிலும் மூன்று புள்ளிகள். என்னிடம் பழைய கடல் வரைபடம் ஒன்று உண்டு. அதில் மூன்றையும் குறித்துக் கவராயத்தால் அளந்தேன். ஒன்றுக்கொன்று நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வித்தியாசம். "இதில் எது உண்மை?" என்றார் ஒருவர். எனக்குத் தெரியவில்லை என்றேன். இருபத்திரண்டு வருடம் கப்பலில் என்ன செய்தீர்கள் என்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகும் போகாமல் டிசம்பர் 1 பகல் வரை அங்கேயே நின்றது. மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை. நாகையில் எங்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. சுழி, அதாவது புயலின் மையம், எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அறிவிப்புகளில் மையத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசமத்தில் ஓர் இலக்கம் வரை தரப்படுகின்றன. 11.4 வடக்கு, 81.2 கிழக்கு என்ற மாதிரி. அட்சரேகையில் பத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 11 கி.மீ. ஆகவே படிக்கிறவர், மையம் 11 கி.மீ. துல்லியத்தில் தெரிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். நடுவே மேகமில்லாத வட்டமாகக் கண் திறந்த, கரைக்கு அருகில் வந்துவிட்ட புயலுக்கு அது சரியாகவும் இருக்கலாம். நடுக்கடலில், நள்ளிரவில், இன்னும் கண் திறக்காத புயலுக்கு அப்படி இருக்க வழியே இல்லை. இரண்டையும் நாம் ஒரே அளவுப் புள்ளியால் குறிக்கிறோம்.

ஏன் வழியில்லை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் நம் கடலை இரவும் பகலும் அரை மணிக்கு ஒரு முறையாவது படம் எடுக்கின்றன. பகலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம் இருக்கும். தாழ்ந்த மேகங்கள் எந்தப் பக்கம் சுருள்கின்றன என்று பார்த்துச் சுழியின் நடுவைப் பிடித்துவிடலாம். சூரியன் இறங்கிவிட்டால் அகச்சிவப்புப் படம்தான். அது வெப்பத்தைப் பார்க்கும் கண். உயரத்தில் உள்ள குளிர்ந்த மேகம் வெள்ளைவெளேர் என்று தெரியும். கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த மேகமோ கடலைப் போலவே வெதுவெதுப்பாக இருப்பதால் கடலோடு கலந்து மறைந்துவிடும். நமக்கு வேண்டிய சுருள் அந்தத் தாழ்ந்த மேகத்தில்தான் இருக்கிறது!

இதோடு நம் வடகிழக்குப் பருவப் புயல்களுக்கு ஒரு கோளாறு உண்டு. மேல்மட்டத்தில் ஒரு காற்று, கீழ்மட்டத்தில் வேறொரு காற்று. பெருங்காற்றில் குடை ஒரு பக்கம் பறக்க, குடையைப் பிடித்தவர் வேறு பக்கம் நனைந்துகொண்டு நிற்பது போல, பெரிய வெள்ளை மேகத்திரள் ஓரிடத்தில் இருக்கும். சுழி அதற்கு வெளியே தனியாக நிற்கும். இரவு முழுவதும் கணிப்பாளர் குடையைப் பார்த்து ஆள் அதன் கீழேதான் இருக்கிறார் என்று எழுதுவார். விடிந்ததும் முதல் வெளிச்சப் படத்தில் ஆள் வேறெங்கோ நிற்பது தெரியும். அட்லாண்டிக் பக்கத்துக் கணிப்பாளர்கள் இதற்கு 'சூரிய உதய அதிர்ச்சி' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வேடிக்கைப் பெயர்தான். ஆனால் நம் தம்பிகள் கடலுக்குக் கிளம்புவது பின்னிரவில். அந்த அதிர்ச்சிக்கு முந்தைய புள்ளியை வைத்துத்தான் போவதா இருப்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.

ரேடார் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 2002-லேயே டாப்ளர் ரேடார் வந்துவிட்டது, காரைக்காலிலும் உண்டு. ஆனால் ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்து கீழே விழுகிறது. 100 கி.மீ. தொலைவில் கதிரின் உயரம் சுமார் ஒன்றரை கி.மீ.; 250 கி.மீ. தொலைவில் அதுவே ஆறு கி.மீ. ஆகிவிடும். புயல் நிமிர்ந்து நின்றால் கவலையில்லை. சாய்ந்து நின்றால் ரேடார் தலையைப் பார்க்கும், காலைப் பார்க்காது. படகைக் கவிழ்ப்பது காலடிக் காற்று.

இந்தத் துறைக்குப் பிறந்த வீடே வங்கக் கடல்தான் என்பது பலருக்கும் தெரியாது. 'சைக்ளோன்' என்ற சொல்லை, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்க வார்த்தையிலிருந்து, 1840-களில் ஆக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி வாங்கிப் படித்து, இந்தக் கடலில் புயல் எப்படிச் சுழல்கிறது என்று எழுதினார். மாலுமிகளுக்காகக் கொம்பில் செய்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய தகடு ஒன்றைக் கொடுத்தார். அதில் காற்றின் சுழற்சி வட்டமாக அச்சிட்டிருக்கும். கடல் வரைபடத்தின் மேல் அதை நகர்த்தி, உங்கள் கப்பலில் வீசும் காற்றோடு பொருந்தும்படி வைத்தால், வட்டத்தின் நடு எங்கே விழுகிறதோ அங்கே புயல். செயற்கைக்கோளும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு கொம்புத் தகடு.

எண்பதுகளில் நாங்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பயணம் நினைவுக்கு வருகிறது. கார்த்திகை மாதம். கேப்டன் ஒரு மலையாளி, வாய் திறந்து பேசுவது அபூர்வம். மாலை வந்த வானிலை அறிவிப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். புயல் எங்களுக்கு நேர் தெற்கே என்றது. அப்படியானால் அதை வலப்புறம் விட்டுவிட்டுப் போய்விடலாம். கேப்டன் அதைப் படித்துவிட்டு வெளியே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். வட கோளார்த்தத்தில் அப்படி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்றே முன்னால் இருக்கும். இது ஒவ்வொரு மாலுமிக்கும் பாலபாடம். காற்று வடகிழக்கு. இடக்கை காட்டியது தென்கிழக்கு. அதாவது நாங்கள் போய்க்கொண்டிருந்த திசையில், நேர் முன்னால்.

வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தமானி கடிகாரம் போல. காலை பத்து மணிக்கு ஏறும், மாலை நான்கு மணிக்கு இறங்கும், இரவில் மறுபடி ஏறும். அந்தந்த நேரத்துக்கு இருக்க வேண்டியதைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் சந்தேகத்தை விட்டுவிடு என்பார்கள். எங்களுக்கு 5 குறைந்திருந்தது. காற்றோ திசை மாறவே இல்லை. அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்க, காற்று திசை மாறாமலும் வீசினால் புயல் உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். கேப்டன் காற்றை வலப் பின்புறம் வாங்கிக்கொண்டு கப்பலை மேற்குத் தென்மேற்காகத் திருப்பினார். என்னிடம் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "நம் காற்றையும் அழுத்தத்தையும் உடனே கரைக்கு அனுப்பு."

கப்பல்களோடு பேசும் கரை நிலையமான மெட்ராஸ் ரேடியோவுக்குத் தட்டினேன். அடுத்த அறிவிப்பில் மையம் நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளியிருந்தது. புயல் ஆறு மணி நேரத்தில் பின்னோக்கி நடக்கவில்லை. அது இருந்த இடம் அப்போதுதான் தெரிந்தது. முதல் அறிவிப்பை எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் எங்களைத் தவிர ஒரு கப்பலும் இல்லை. புயல் என்றால் கப்பல்கள் விலகி ஓடும். ஓடினால் நடுவிலிருந்து தகவல் சொல்ல ஆள் இருக்காது. இந்தச் சங்கடம் இன்றும் தீரவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் புயல்களுக்குள் விமானத்தை ஓட்டி மையத்தைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். 1943-ல் ஆரம்பித்த பழக்கம். நம் கடலில் அப்படி ஒரு வாடிக்கையான பறப்பு இன்றுவரை இல்லை.

2018 நவம்பர் 15 இரவு, கஜா வந்தபோது, நானும் என் வீட்டு வாசலில் கேப்டன் செய்ததையே செய்தேன். மின்சாரம் போய்விட்டது, கைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. கையில் காம்பஸ். முன்னிரவில் காற்று வாடை, வடக்கிலிருந்து வீசுவது. அப்படியானால் மையம் கிழக்கே. நள்ளிரவுக்குப் பிறகு வாடை மெல்லத் திரும்பி, கிழக்கிலிருந்து வீசும் நல்ல கொண்டலாயிற்று. மையம் தெற்கே, வேதாரண்யம் பக்கம். மனைவியிடம் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். அன்று கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். காரைக்கால் ரேடாருக்கு அறுபது கி.மீ.க்குள் அது கடந்ததால், அந்தக் கடைசி மணிகளில் மையம் எங்கே என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில்.

வானிலை ஆய்வுத் துறை முன்னேறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லும் பாதையில் சராசரிப் பிழை இன்று நூறு கி.மீ.க்கும் கீழே வந்துவிட்டது. என் காலத்தில் இதைக் கேட்டால் சிரித்திருப்போம். 1999-ல் ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை ஒரு புயல் கொண்டுபோனது. 2013-ல் பைலின் வந்தபோது சாவு சில பத்துகளில் நின்றது. அந்தக் கணக்குக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் நாளைய பாதையைக் கணக்கிடும் கணினி, இன்றைய மையத்திலிருந்துதான் புறப்படுகிறது. புறப்படும் இடமே ஐம்பது கி.மீ. பிசகினால், அந்தப் பிசகும் கூடவே பயணம் செய்யும்.

இனி என் கோரிக்கை. புயலின் மையத்தைச் சொல்லும்போது, அது எவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானிய வானிலை நிறுவனம் தன் புயல் அறிவிப்பில் மையத்தின் பக்கத்திலேயே 'நன்று', 'சுமார்', 'மோசம்' என்ற பொருளில் ஒரு சொல் போடுகிறது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் கப்பல்களுக்குத் தரும் அறிவிப்பில் 'இந்த இடம் இத்தனை கடல் மைலுக்குள் சரி' என்று எழுதுகிறது. ஆஸ்திரேலியர்களின் தொழில்நுட்ப அறிக்கையிலும் இதற்கென்றே ஒரு வரி உண்டு. எங்கள் ஊர் மீனவர் கைக்கு வந்து சேரும் தமிழ் அறிவிப்பில் அப்படி ஒரு வரியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தமிழில் மூன்றே சொற்கள் போதும்: 'தெளிவு', 'சுமார்', 'மங்கல்'. கூடவே எதைக் கொண்டு பார்த்தது என்பது: ரேடாரா, பகல் படமா, இரவுப் படமா. எந்த மணிக்கான இடம் என்பதும் பெரிதாக வேண்டும். 'காலை 8.30 நிலவரப்படி' என்பது நம் கைக்கு வரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகரும் புயல் அதற்குள் நாற்பது கி.மீ. போயிருக்கும். செய்தி வாசிப்பவர் அதை 'தற்போது' என்று படிக்கிறார். தாங்களும் ஒன்று செய்யலாம். முதல் பக்க வரைபடத்தில் புள்ளிக்குப் பதிலாக, மையம் இருக்கக்கூடிய பரப்பை ஒரு வட்டமாக வரையுங்கள். மங்கலான இரவில் வட்டம் பெரிதாகட்டும், ரேடார் பிடித்த பிறகு சுருங்கட்டும்.

இதைச் சொன்னபோது, ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் (நடைப்பயிற்சி நண்பர்) தலையை ஆட்டினார். "எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் மக்கள் நம்புவார்களா?" என்றார். அவர் கடலோரத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தும் மீனவரோடு பேசியதில்லை போலிருக்கிறது. நிச்சயமின்மை கடற்கரைக்குப் புதிதா என்ன? மங்கல் என்று தெரிந்தால் தம்பிகள் ஒரு நாள் முன்னதாகவே படகை இழுத்துக் கட்டுவார்கள். ஐம்பது கி.மீ. தள்ளித்தானே இருக்கிறது என்று நம்பிப் போனவர்தான் மாட்டிக்கொள்வார்.

துறைமுகப் புயல் கூண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று எண் ஏற ஏற ஆபத்து கூடுகிறது என்றுதான் ஊரே நினைக்கிறது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன, தங்கள் இதழும் விலக்கல்ல. உண்மையில் எட்டு என்றால் கடும் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். ஒன்பது என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். பத்து என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். இடத்தைச் சொல்லும் குறியீடு அது. நாம் அதைப் பரீட்சை மார்க் ஆக்கிவிட்டோம்.

மையம் மட்டும் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் அருகே, நகராமல் நின்றது. மழை கொட்டியதோ கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும். சிதம்பரத்தில் 34 செ.மீ., நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர். புயல் நம்மைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தவர்கள் முழங்கால் தண்ணீரில் விழித்தார்கள். அதனால்தான் புள்ளி ஒன்றையே கண்ணாகப் பார்க்கும் பழக்கமும் மாற வேண்டும் என்கிறேன். வட்டம் வரைந்தால் அந்தப் பழக்கமும் கொஞ்சம் தளரும்.

மையத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கவும் வழிகள் இருக்கின்றன. நுண்ணலையில் பார்க்கும் கருவி, மேலேயுள்ள மெல்லிய மேகப் போர்வையை ஊடுருவி, உள்ளே மழை வளையம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று இரவிலும் காட்டும். குறை என்னவென்றால், அத்தகைய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. நமக்கு வேண்டிய நேரத்தில் நம் தலைக்கு மேல் இருப்பதில்லை. இதற்கு மருந்தாக 2011-ல் நம் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து மேகா-டிராபிக்ஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. நிலநடுக்கோட்டை ஒட்டி, இருபது பாகைச் சாய்வில் சுற்றியதால் வெப்பமண்டலத்தை ஒரே நாளில் பலமுறை பார்த்தது. அதிலிருந்த நுண்ணலைப் படக் கருவியின் பெயர் 'மெட்ராஸ்'. பெயரைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! 2013 தொடக்கத்தில் அந்தக் கருவி பழுதாகிவிட்டது. 2023 மார்ச்சில் செயற்கைக்கோளையே கடலில் இறக்கிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் நாசா வெப்பமண்டலப் புயல்களுக்கென்றே சிறு நுண்ணலைச் செயற்கைக்கோள்கள் நான்கைச் சுற்றுக்கு அனுப்பியது. நம் கடலுக்கு நம்முடைய 'மெட்ராஸ்' மறுபடி வர வேண்டும். 2025-ல் அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள்களின் நுண்ணலைப் படங்கள் நிறுத்தப்படும் என்று திடீரென்று அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் தேதி தள்ளிப்போனது. அடுத்தவர் கண்ணை இரவல் வாங்கிப் பார்ப்பவனுக்கு இப்படித்தான் நடக்கும். கணினியே படத்தைப் பார்த்து மையத்தைக் கண்டுபிடிக்கும் முறைகளும் வந்துவிட்டன. வரட்டும். ஆனால் படமே இல்லாதபோது கணினி என்ன செய்யும்?

எங்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டிருக்கிறது. காற்று, அழுத்தம், அலை எல்லாவற்றையும் அவை கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புயலைக் கண்டு ஓடாத கப்பல்கள் என்று அவற்றைச் சொல்லலாம். மிதவையின் நிழலில் மீன் கூடும்; மீன் கூடினால் படகு கூடும். படகைக் கட்டி, கயிறு இழுத்து, கருவியை உடைத்துவிடுகிறார்கள். சிலர் கழற்றியும் போகிறார்கள். என் திண்ணைக்கு வருபவர்களிடம் இதை நான் திட்டியே சொல்வேன்: எங்கே நிற்கிறது என்று என்னிடம் கேட்காதே, அதைச் சொல்லவிருந்த மிதவையை உடைத்தது யார் என்று முதலில் கேள். அவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்கும் அந்த ஒரு வரி எவ்வளவு நீளம் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். 'மையம் மங்கல். 50 கி.மீ. வட்டம். இரவுப் படம்.' மேசையில் விரலால் தட்டியும் பார்த்தேன். பழைய வேகம் இப்போது இல்லை. அப்படியும் அரை நிமிடம் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் ரேடியோ அதிகாரி,
நாகப்பட்டினம்.